சனிக்கிழமைச் சுங்கம்

“நெடுங்காடு, கொஞ்சம் நில்லு. போன வாரம் எள்ளுருண்டையில வெல்லம் கம்மி. ஒங்க அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. நிரவி, ஒனக்கு நார்த்தங்கா ஊறுகாதான். வேற எதையாவது கொண்டாந்து சமாளிக்கலாம்னு பாக்காத.”

சனிக்கிழமை பகல் பள்ளி விட்டதும், இரும்புக் கதவுக்கு உட்புறம் காவலாளியின் முக்காலியைப் பிடித்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்குப் போகிறவர்களிடம் பங்கஜவல்லி இப்படிச் சுங்கம் விதிப்பாள். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். ஊர்ப் பெயர்தான். திருநள்ளாறு என்றால் முறுக்கு, கோட்டுச்சேரி என்றால் வறுத்த நெத்திலி. விதித்தது திங்கட்கிழமை காலையில் வந்து சேர வேண்டும். வராவிட்டால், அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண் ரயிலைத் தவறவிடும்வரை முக்காலி வழியிலேயே கிடக்கும். அவளுடைய அப்பா சைகோனில் சந்தைச் சுங்கம் வசூலிக்கிறவர். குலவித்தை கல்லாமல் பாகம் படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

நான் இந்தப் பெண்கள் பயிற்சிப் பள்ளியில் தையல் டீச்சர். குடியிருப்பது பள்ளிக்கும் விடுதிக்கும் நேர் எதிர்வீடு. என் ஜன்னலில் நின்றால் விடுதிக் கதவும் உள்முற்றத்துக் கிணறும் தெரியும். ஊர் வம்புக்கு இதைவிட வசதியான இடம் காரைக்காலில் கிடையாது.

எங்களிடம் படிப்பவர்கள் பெரும்பாலும் காலையில் வந்து மாலையில் போகிறவர்கள். பேரளம் ரயிலில் ஒரு கூட்டம் வரும், மாட்டுவண்டியில் ஒரு கூட்டம் வரும். விடுதியில் தங்கும் சிலரையும் சனிக்கிழமை ஆனால் ஒரு சித்தப்பாவோ தாய்மாமனோ வந்து அழைத்துப் போய்விடுவார். சமையல்கார அம்மாகூட ஒரு குண்டான் சோற்றை வடித்து வைத்துவிட்டு மகள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். மிச்சம் மூன்று பேர். மாஹேயிலிருந்து வந்த தேவகி, ஏனாமிலிருந்து வந்த சூரியகாந்தம், கடல் தாண்டி வந்த பங்கஜவல்லி. பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகியும் அந்தக் கொடி இந்த ஊர்களுக்குள் சேர்த்துவைத்த உறவு இவர்களை விட்டபாடில்லை.

விடுதிச் சட்டம் ஒன்று உண்டு. சொந்தக்காரர் நேரில் வந்து கதவில் நின்று கேட்டால்தான் பெண்ணை வெளியே அனுப்புவார்கள். இந்த மூவருக்கும் இந்த ஊரில் சொந்தம் என்று சொல்ல ஒரு காக்கை இல்லை. பங்கஜவல்லியின் அப்பாவுக்குப் பூர்வீகம் மாயவரம் பக்கம் ஏதோ கிராமமாம். சின்ன வயதில் கப்பலேறியவர், ஊரின் பெயரையே மறந்துவிட்டார். ஆக, சனிக்கிழமை பகலில் விழும் பூட்டு திங்கட்கிழமை காலையில்தான் திறக்கும். கடலோ கூப்பிடு தூரம். காற்று திரும்பினால் அலைச்சத்தம் என் அடுப்படிவரை வரும். வந்து ஒரு வருஷமாகியும் அந்தக் கடலை அவர்கள் பார்த்ததில்லை.

வேறு பெண்களாக இருந்தால் தலையணையை நனைத்திருப்பார்கள். பங்கஜவல்லி சனிக்கிழமைக்கென்று தனிச் சட்டம் போட்டாள். அன்று மாலை யாரும் பழைய சேலையில் இருக்கக் கூடாது. இருப்பதில் நல்லதைக் கட்டி, பவுடர் பூசி, பூ வைத்து, கையில் கைக்குட்டையோடு முற்றத்துக்கு வர வேண்டும். பிறகு மூவரும் கிணற்றைச் சுற்றி நடப்பார்கள். சைகோனில் ஞாயிறு மாலை எல்லாக் குடும்பமும் ஆற்றங்கரையில் இப்படித்தான் உலாவுமாம். பங்கஜவல்லி குடை வேறு பிடித்துக்கொள்வாள். காலில் அந்த ஊர்க் கட்டைச் செருப்பு. கல் பாவிய முற்றத்தில் அது போடுகிற சத்தத்துக்கு, கிணற்றடிக் காக்கைகள் எல்லாம் கூரைக்குப் போய்விடும். எதிரே வருவதாகப் பாவித்து யாருக்கோ தலையசைப்பாள். “பெரிய டாக்டர் வூட்டு அம்மா. மூஞ்சிய உம்முனு வச்சிக்கிட்டுப் போறாங்க பாரு” என்பாள். மற்ற இருவரும் சிரிப்பார்கள். உலா முடிந்ததும் திங்கட்கிழமைச் சுங்கத்தில் மிஞ்சியதை வைத்து விருந்து. தேவகி தன் ஊர்ப் பாட்டைப் பாட, சூரியகாந்தம் தெலுங்கில் திட்டக் கற்றுக்கொடுப்பாள்.

அவள் வாயில் எப்போதும் ஒரு வாசகம் இருக்கும். “அதுக்கு என்னங்க இப்ப?” தையல் வகுப்பில் அவள் போடும் தையல் வாய்க்கால் மாதிரி வளைந்து வளைந்து போகும். பிரித்துத் தைக்கச் சொன்னால் துணியை மடியில் இறுக்கிக்கொள்வாள். “கோணலா போச்சி. அதுக்கு என்னங்க இப்ப? இனிமே நேரா போவுது பாருங்க” என்பாள். இன்றுவரை ஒரு தையலையும் பிரித்தவள் இல்லை. நேராகப் போகவும் இல்லை.

விடுதிக்குப் பக்கத்து வீடு மதார் சாகிப் மரைக்காயருடையது. சைகோனில் துணிக்கடை வைத்திருந்து, அங்கே சண்டை முற்றியதும் கடையைக் கட்டிக்கொண்டு வந்தவர். அவர் மனைவி அஜீசுன்னிசா ஒரு சனிக்கிழமை மாலை மாடியில் காய்ந்த துணி எடுக்க வந்தபோது, கீழே மூன்று பெண்கள் சிங்காரித்துக்கொண்டு கிணற்றைச் சுற்றுவதைப் பார்த்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துவிட்டார்.

“எங்கெ போறிய புள்ளையளா, இம்புட்டு சோடனையோட?”

“கடக்கரைக்குங்க.”

“கடக்கர அந்தப் பக்கம்ல இருக்கு.”

“பூட்டு இந்தப் பக்கம்ல இருக்குங்க.”

அஜீசுன்னிசா சிரித்த சிரிப்பு என் ஜன்னல்வரை கேட்டது. அதன்பிறகு சனிக்கிழமைகளில் மாடியிலிருந்து கயிற்றில் ஒரு தூக்குவாளி இறங்கும். சில நாள் வட்டிலாப்பம் இருக்கும், சில நாள் இறால் வாடா. பங்கஜவல்லி பதிலுக்கு வாளியில் நார்த்தங்காய் வைத்து அனுப்புவாள். மரைக்காயரும் ஒருநாள் மாடிக்கு வந்து, சைகோன் சந்தையில் தான் கட்டிய சுங்கத்தையெல்லாம் நினைத்துப் பெருமூச்சு விட்டார். “ஒங்க அப்பா கையில எம்புட்டு அளுதிருப்பேன் நான்” என்றார். “அதுக்கு என்னங்க மாமா இப்ப? நார்த்தங்காயாத் திருப்பிக் குடுத்துட்டேன்ல” என்றாள் இவள். அப்படித்தான் அந்த மாமா வந்தது. இந்த ஊரில் அது பெரிய விஷயமும் இல்லை. இரண்டு தரம் முகம் பார்த்துப் பேசினால் மாமாதான், மாமிதான். இன்ன மதம் என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் ஊர் இருக்கிறதே, மாடியிலிருந்து சிரிப்பது அஜீசுன்னிசா மட்டும் இல்லை. மற்ற மாடிகளிலும் தலைகள் முளைத்தன. செய்தி விடுதி வார்டன் லோகாம்பாள் அம்மா காதுக்குப் போயிற்று. அவர் கெட்டவர் இல்லை. கண்காணாத ஊரிலிருந்து வந்த வயசுப் பெண்களுக்கு ஏதாவது ஒன்று ஆனால் தன் தலைதான் உருளும் என்று நெஞ்சில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பவர். அந்தப் பயத்தில், ஆனி மாதம் பிறந்த வாரம், “இனிமே கிணத்தச் சுத்துற வேலை கெடையாது. சனிக்கிழம மூணு பேரும் ரூமுக்குள்ளயே இருக்கணும்” என்று சொல்லிவிட்டார். அந்த வாரம் முற்றத்தில் கட்டைச் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கடலைப் பூட்டினார்கள், சரி. கிணற்றையுமா பூட்டுவது.

அடுத்த சனிக்கிழமை மாங்கனித் திருவிழா. சாமி ஊர்வலம் வரும்போது மாடிக்கு மாடி கூடைகூடையாக மாம்பழத்தை வீசுவார்கள், கீழே இருப்பவர்கள் பாய்ந்து பிடிப்பார்கள். அன்று காரைக்காலில் வீட்டுக்குள் இருப்பவர்கள் நோயாளிகளும் எங்கள் விடுதியின் இந்த மூன்று பேரும்தான். நானும் கிளம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். விடுதிக் கதவுக்குள் மூவரும் நின்றுகொண்டிருந்தார்கள். நல்ல சேலை, பவுடர், பூ, குடை. லோகாம்பாள் அம்மா சாவியும் கையுமாக அவர்களை உள்ளே விரட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் மரைக்காயர் வந்தார். பின்னால் வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு அஜீசுன்னிசா.

லோகாம்பாள் அம்மாவின் முகம் மலர்ந்தது. “வாங்க மாமா, வாங்க மாமி. என்ன இந்தப் பக்கம்?”

லோகாம்பாள் பிறந்ததே இந்தத் தெருவில்தான். அவருடைய அப்பாவும் மரைக்காயரும் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டு வளர்ந்தவர்கள். லோகாம்பாள் கல்யாணத்தில் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பந்தியில் நின்று பரிமாறியவர் மரைக்காயர்.

“மருமவப் புள்ளையள அளச்சிக்கிட்டுப் போவலாம்னு வந்தோம்மா. சாமி பாத்துட்டு, கடக்கரைக்கும் போயிட்டு வந்துடுறோம்.”

“எந்த மருமவங்க மாமா?”

“பங்கஜவல்லி. மாஹே புள்ள. ஏனாம் புள்ள.”

மலர்ந்த முகம் சுருங்கிப் போயிற்று. லோகாம்பாள் அம்மா சாவியை மற்றொரு கைக்கு மாற்றினார். “கோவிச்சுக்காதீங்க மாமா. சொந்தக்காரங்க வந்தாத்தான் அனுப்பணும்னு சட்டம். நீங்க இவளுக்கு எப்படிச் சொந்தம்?”

மரைக்காயர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பங்கஜவல்லிதான் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“ஒங்களுக்கு எப்படிங்களோ, அப்படித்தாங்க எனக்கும்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. லோகாம்பாள் அம்மா அவளை முறைத்தார். அதற்குள் அஜீசுன்னிசா துப்பட்டியை விலக்கிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

“நீயே சொல்லு லோகாம்பா. நாங்க ஒனக்கு யாரு?”

கோபமாகக் கேட்கவில்லை. பிள்ளையிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். அதுதான் ஆளைச் சாய்த்துவிட்டது. எங்கள் ஊரில் ஒருவரை எப்படி வேண்டுமானாலும் ஏசலாம், கொடுக்கல் வாங்கலை முறிக்கலாம். ஆனால் வாய் நிறைய மாமா என்று கூப்பிட்டவரை முகத்துக்கு நேரே நீ எனக்கு யாரும் இல்லை என்று சொல்ல எந்த நாக்கும் எழாது. சொன்னால் அதோடு அந்தத் தெருவில் குடியிருக்க முடியாது. பங்கஜவல்லிக்கு இவர்கள் சொந்தம் இல்லை என்றால் தனக்கும் இல்லை. தனக்குச் சொந்தம் என்றால் இவளுக்கும் சொந்தம். லோகாம்பாள் அம்மா சாவியைப் பூட்டுப் பக்கம் கொண்டுபோய், திரும்ப எடுத்தார்.

“இவ ஒருத்தி போவட்டும்” என்றார் கடைசியில்.

“அப்ப நானும் போவலீங்க” என்று பங்கஜவல்லி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். குடையை மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்திருப்பவளாகத் தெரியவில்லை. மரைக்காயர் மெல்ல, “மூணும் எம் மருமவதாம்மா” என்றார்.

பூட்டு திறந்தது. “ஆறு மணிக்குள்ள வந்து சேரணும்” என்று மட்டும் கேட்டது.

நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். ஊர்வலத்தில் தேவகி தலையில் ஒரு மாம்பழம் விழுந்து வீங்கியது. சூரியகாந்தம் யாருடனோ போட்டி போட்டுப் பிடித்து, தெலுங்கில் நாலு சொல்லும் சொன்னாள். பங்கஜவல்லி குடையைத் தலைகீழாக விரித்து ஏந்திக்கொண்டு நின்றாள். பார்த்தவர்கள் எல்லாம் திட்டினார்கள். திட்டு மட்டுமில்லை, பழமும் அவளுக்குத்தான் நிறையக் கிடைத்தது; முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பிறகு கடற்கரை. மணலில் கால் வைத்ததும் தேவகிதான் முதலில் பேசினாள். அவள் ஊரில் சூரியன் கடலில் விழுமாம், இங்கே முதுகுப்பக்கம் சாய்கிறதே என்று குறைப்பட்டாள். பங்கஜவல்லி கட்டைச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முழங்கால் நனையும்வரை போய் நின்றாள். கிழக்கே கையை நீட்டி, “நேராப் போனா எங்க வூடுங்க டீச்சர்” என்றாள். சேலை நனைகிறதே என்றேன். “அதுக்கு என்னங்க இப்ப” என்றாள். குரல் உடைந்திருந்தது. இவ்வளவு நாளில் அவள் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே தெருவுக்குத் திரும்பிவிட்டோம். மரைக்காயரும் அஜீசுன்னிசாவும் தங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டார்கள். லோகாம்பாள் அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வாங்க என்பதுபோல ஒதுங்கினார். பங்கஜவல்லி உள்ளே போகவில்லை. “ஆறு அடிக்கட்டுங்க. இன்னும் நேரமிருக்கு” என்றாள். மூவரும் தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உலாவினார்கள். மண் தெருவில் கட்டைச் செருப்பு சத்தம் போடவில்லை. பங்கஜவல்லி வேண்டுமென்றே கல் கிடக்கும் ஓரமாக நடந்தாள்.

மாதா கோவில் மணி அடித்தது. மற்ற இருவரும் உள்ளே போனார்கள். கடைசியாக வந்த பங்கஜவல்லி கதவடியில் நின்று, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். இருந்ததில் பெரிய பழமாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து, சேலையின் நனையாத பக்கத்தில் துடைத்தாள்.

“வெளிய போயிட்டு வந்திருக்கேங்க. சுங்கம்” என்று சொல்லி, லோகாம்பாள் அம்மாவின் சாவி இருந்த கையைப் பிடித்து, சாவியின்மேலேயே அந்த மாம்பழத்தை வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டாள்.