சித்தப்பாவின் ஆடுகள்

எங்கள் தெருக் கோயிலின் முன்மண்டபத்தில், வடக்குத் தூணுக்குப் பக்கத்தில், தரைக்கல்லிலேயே ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகள் செதுக்கப்பட்டிருந்தன. எந்தக் காலத்துக் கைவேலையோ தெரியாது. கோபுரத்தைப் படம் எடுக்க வரும் வெளியூர்க்காரர்கள் அதை மிதித்துக்கொண்டேதான் போவார்கள். எங்கள் குடும்பத்துக்கோ, அந்தக் கோயிலில் சாமிக்கு அடுத்த இடம் அதுதான்.

அப்பாவும் சித்தப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டது அங்கே மட்டும்தான். வீட்டைப் பிரித்தபோது தறிக்கூடத்தின் நடுவில் சுவர் எழும்பியது. அதோடு பேச்சும் நின்றது. ஒருவர் வாசற்படியை இன்னொருவர் மிதிப்பதில்லை. ஆனால் சாயங்காலம் தறியைவிட்டு எழுந்தால், இருவரும் தனித்தனியாக நடந்துபோய் அந்தக் கல்லருகே உட்காருவார்கள். புலி அப்பாவுக்கு, ஆடு சித்தப்பாவுக்கு. "வெட்டிட்டேன்", "மாட்டிக்கினியா", அவ்வளவுதான் பேச்சு. நடுவில் காயைப் பார்த்தபடியே சித்தப்பா கேட்பார்: "அண்ணிக்கு ஜொரம் வுட்டுச்சா?" அப்பாவும் காயைப் பார்த்தே பதில் சொல்வார்.

ஆட்டம் முடிந்ததும் புளியங்கொட்டைப் புலிகள் அப்பாவின் சட்டைப்பைக்குப் போகும். கூழாங்கல் ஆடுகளைச் சித்தப்பா ஒரு துணியில் முடிந்து எடுத்துப்போவார். தன் காய்களை எதிராளியிடம் கொடுத்துவிட்டால், இனி ஆட வரமாட்டேன் என்று அர்த்தம். மண்டபத்தில் ஆடுகிற எல்லோருக்கும் அதுதான் வழக்கம்.

பிறகு திருப்பணி வந்தது. பழைய கல்லைப் பெயர்த்துவிட்டு வழவழவென்று கிரானைட் போடப்போவதாகச் சொன்னார்கள். அந்த ஒரு கல்லை விட்டுவைக்கச் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. கேட்டால், தம்பி இல்லாமல் அண்ணனுக்குப் பொழுது போகவில்லை என்று தெருவே சிரிக்குமாம். என்ன வீம்போ! எனக்கு இன்றும் எரிச்சலாக வருகிறது. புதுத் தரையில் யாரும் உட்காராதபடி கம்பித் தடுப்பும் வைத்துவிட்டார்கள்.

கடையிலிருந்து ஆடுபுலிக் கோடு போட்ட மரப்பலகை ஒன்று வாங்கிவந்தேன்.

"எங்க வச்சி ஆடுறது? உன் சித்தப்பன் இங்க வருவானா?" என்றார் அப்பா.

சுவருக்கு அந்தப் பக்கம் போய்க் கேட்டேன். "அவரு இங்க வரட்டுமே, நானா வாணான்றேன்?" என்றார் சித்தப்பா.

பலகை டிவிக்குப் பக்கத்தில் தூசி படிந்து கிடந்தது. மாலை நேரத்தில் அப்பா சட்டைப்பையைத் தடவிக்கொண்டே வீட்டுக்குள் நடப்பார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

போன மாதம், ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கும் மகனோடு தங்குவதற்குச் சித்தப்பாவும் சித்தியும் கிளம்பினார்கள். போகும்போது சித்தப்பா என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, அந்தத் துணிமுடிச்சைக் கையில் வைத்தார்.

"உங்கப்பாவாண்ட குட்த்துடும்மா."

அப்பா முடிச்சைத் தொட்டதுமே கண்டுகொண்டார். "ஆட்டக் குட்த்துட்டானா?" என்றார். "நீயும் வாங்கிக்கினு வந்து நிக்கிறியே! போம்மா, திருப்பிக் குட்த்துட்டு வா. நான் வாங்கிக்கலன்னு சொல்லு."

பேருந்து நிலையத்துக்கு ஸ்கூட்டரை விரட்டினேன். வண்டி போய்விட்டிருந்தது. முடிச்சைக் கையில் வைத்தபோதே நான் யோசித்திருக்கலாம், வாங்காமலே இருந்திருக்கலாம் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

அப்பா எங்கள் வீட்டில் இல்லை. பூட்டிய கதவுக்கு முன்னால், தம்பி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.