ஹாசல்ரோட் என்பது ஓர் ஊர்

என் ஊர் ஹாசல்ரோட். இதை நான் முதன்முதலில் உரத்துச் சொன்னது பத்து வயதில், இலண்டனின் ஃபாரஸ்ட் கேட்டில், ஒரு மேடையில் நின்று. அதற்காக வீட்டில் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் சொன்னதை நான் இன்றுவரை மாற்றியதில்லை.

ஜெர்மனியின் நடுப்பகுதியில், காட்டுக்கும் கோதுமை வயலுக்கும் நடுவே கிடக்கும் சின்ன ஊர் அது. நான் நடக்கப் பழகியதும் எழுதப் பழகியதும் அங்கேதான். அப்பாவுக்கு ஜெர்மன் குடியுரிமை கிடைத்த கையோடு எங்களைக் கூட்டிக்கொண்டு இலண்டனுக்கு வந்துவிட்டார். இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆரம்ப வருடங்கள் அவை. இங்கே அம்மாவின் தம்பி இருந்தார். தமிழ்க் கடைகள் இருந்தன. நினைத்த நேரம் இடியப்பம் வாங்கலாம். எனக்கு வேண்டியது மட்டும் ஒன்றுமே இருக்கவில்லை. மாமா என்னை ‘ஜெர்மன்காரி’ என்று கூப்பிடுவார். கோபம் மூட்டத்தான் அப்படிக் கூப்பிட்டார். நான் “ஓம், என்ன மாமா?” என்று திரும்பிப் பார்ப்பேன். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பேச்சுப்போட்டி வைத்தார்கள். தலைப்பு ‘எங்கள் ஊர்’. ஆசிரியை ஒவ்வொருவராக ஊரைக் கேட்டுக்கொண்டு வந்தார். இலண்டனிலும் பாரிஸிலும் பிறந்த பிள்ளைகள், தாங்கள் ஒருநாளும் கண்டிராத இலங்கை ஊர்களைப் பெருமையோடு சொன்னார்கள். என் முறை வந்தது.

“ஹாசல்ரோட், ரீச்சர்.”

“அது எந்தப் பக்கத்து ரோட் பிள்ளை? ஈஸ்ட்ஹாமுக்குக் கிட்டவோ?”

வகுப்பு சிரித்தது. “ரோட் இல்லை ரீச்சர், ஊர். காட்டை வெட்டித் திருத்தின இடத்துக்கு அங்கை அப்பிடித்தான் பேர்.”

“நான் கேட்டது உங்கடை சொந்த ஊர். அப்பா எந்த ஊர்?”

“அது அப்பான்ரை ஊர். நீங்கள் கேட்டது என்ரை ஊர்.”

ஆசிரியை கெட்டவரல்ல. பெருமூச்சு விட்டுவிட்டு, மாலையில் அம்மாவைத் தனியே கூப்பிட்டுக் கதைத்தார். அன்றே அம்மா அப்பாவின் ஊரைப் பற்றி ஒரு பேச்சை எழுதத் தொடங்கினார். அம்மா கலியாணம் முடித்தது ஜெர்மனியில். மாமியார் வீட்டு வாசலை ஒருநாளும் மிதித்தவரல்ல. ஆனாலும் அந்த ஊரின் கோயில் தேரையும் கடற்கரை மணலையும் கண்ணால் கண்டவர் போல எழுதிக்கொண்டே போனார். இடையில் ஐயம் வந்தபோது அப்பாவைக் கேட்டார்.

“கடல் இருந்தது எண்டு எழுது,” என்றார் அப்பா.

அம்மா எழுதியதை நான் மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். எல்லோருக்கும் திருப்தி. கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கும்போது வேறொன்றைச் சொல்லிப் பார்த்தது யாருக்கும் தெரியாது. அதற்குப் பெரிதாகப் பாடுபடவும் வேண்டியிருக்கவில்லை. ஜெர்மனியில் ஆரம்பப் பள்ளியில் சொந்த ஊரே ஒரு பாடம். எங்கள் ஊரின் மேடு பள்ளம், ஓடை, பழைய சண்டைகள் எல்லாவற்றிலும் எனக்கு நல்ல புள்ளிகள் கிடைத்திருந்தன.

போட்டியன்று மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அம்மாவும் மாமாவும் இருந்தார்கள். வேலையிலிருந்து நேரே வந்த அப்பா பின்னால் சுவரோடு நின்றார். எனக்கு முன் பேசியவர்களின் ஊர்களிலெல்லாம் வளம் கொழித்தது. நான் ஏறி, தலைவருக்கும் நடுவர்களுக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, “என் ஊர் ஹாசல்ரோட்,” என்றேன்.

யாரோ சிரித்தார்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். நான் குரலை இன்னும் உயர்த்தினேன்.

எங்கள் ஊருக்கு வடக்கே ஊசியிலைக் காடு, தெற்கே வயல் என்றேன். முன்னொரு காலப் போரில் ஊர் முழுவதும் எரிந்தது, காட்டுக்குள் ஒளிந்திருந்தவர்கள் மட்டும் திரும்பி வந்து மறுபடி கட்டினார்கள் என்றேன். உலகப் போர் முடிந்தபோது கிழக்கிலிருந்து துரத்தப்பட்ட சனங்கள் கைவண்டில்களோடு வந்து சேர்ந்தார்கள், அவர்களைப் பழைய விடுதியில் தங்கவைத்தார்கள், பல வருடங்களின் பின் எங்களுக்கும் அதே விடுதியில்தான் அறை தந்தார்கள் என்றேன். “ஆகவே எங்கள் ஊரில் பாதிப் பேர் ஓடி வந்தவர்கள். நாங்களும் ஊர்க்காரர்தான்!” என்றபோது சிரிப்பு நின்றுவிட்டது.

நேரம் முடிந்ததென்று மணி அடித்தார்கள். நான் நிறுத்தவில்லை.

“ஊர் எல்லையில் ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் வேறு மாவட்டம், வேறு ஊர். காட்டுக்காக இரண்டு ஊருக்கும் பரம்பரைச் சண்டை. அவர்கள் நேரம் பார்க்கக்கூடாது என்று எங்கள் தேவாலயக் கோபுரத்தில் அந்தப் பக்கம் மட்டும் கடிகாரம் வைக்கவில்லை. அந்த ஊரில் என் பெரியப்பா இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பாலத்தின் அந்த முனைக்கு வருவார். நானும் அப்பாவும் இந்த முனைக்குப் போவோம். அண்ணன் தம்பி என்றாலும் ஊரென்று வந்தால் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்! ஒருவரும் மற்றவருடைய எல்லையை மிதிக்கமாட்டார். நான்தான் நடுவில் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். இருவரும் ஓடைக்கு மேலால் சத்தம்போட்டுக் கதைப்பார்கள். ஒரு ஞாயிறு பெரியப்பா வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. பிறகு வரவே இல்லை. ஆகவே வென்றது எங்கள் ஊர்! நன்றி, வணக்கம்.”

கைதட்டுவார்கள் என்று காத்து நின்றேன். ஒருவரும் தட்டவில்லை. சுவரோடு நின்ற அப்பா கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். அவருக்குப் பின்னால், எனக்குத் தெரியாத ஒருவர் எழுந்து போனார். பிறகு இன்னொருவர். என் பேச்சு அவ்வளவு மோசமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

வெளியே மாமா என்னைக் கையில் பிடித்து இழுத்து வந்தார். “சபைக்கு நடுவிலை அத்தானை என்ன பாடு படுத்திப்போட்டாய்! மன்னிப்புக் கேள்.”

“ஏலாது. நான் பொய் சொல்லேல்லை.”

அப்பா நடைபாதையில் அந்த இரண்டு பேரோடும் நின்றார். கண் சிவந்திருந்தது. “அவளை விடு,” என்றார் மாமாவிடம். “கண்டதைத்தானே சொன்னவள். அது அவளின்ரை ஊர்தான்.”

அந்த இருவரில் வயது கூடியவர் குனிந்து, “எந்த ஆத்துப் பாலம் பிள்ளை அது?” என்று கேட்டார். ஆறல்ல, ஓடை என்று நான் திருத்தினேன். “எங்களுக்கும் ஒரு பாலம் இருந்தது,” என்றார் அவர். அவருடைய ஊரும் எங்களோடு சண்டை பிடித்த ஊராக்கும் என்று எண்ணி, நான் அவரோடு அதற்கு மேல் பேசவில்லை.

அகதி விண்ணப்பம் முடியும்வரை, தனக்கு ஒதுக்கிய மாவட்டத்தை விட்டு ஒருவர் அனுமதியில்லாமல் வெளியே போகக்கூடாது என்பது ஜெர்மனியில் சட்டம். பிடிபட்டால் அதுவே வழக்குக்குக் கேடாகிவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. பெரியப்பாவின் விண்ணப்பத்தை நிராகரித்து, ஒரு விடியற்காலையில் விமானமேற்றிக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். இவையெல்லாம் எனக்கு வெகுகாலம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் பரிசு கிடைக்கவில்லை என்பதுதான். தலைப்பை விட்டு விலகிவிட்டேனாம்.

அடுத்த ஞாயிறு அப்பா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். பிறகு ரயில். இலண்டனின் மறுகோடியில், தோர்ண்டன் ஹீத்தில் இறங்கினோம். அங்கே எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஒரு கடையில் ரோல்ஸ் வாங்கித் தந்தார். தூறலில் தெருமுனைவரை நடந்துவிட்டுத் திரும்பினோம்.

“ஏன் அப்பா இஞ்சை வந்தனாங்கள்?”

“சும்மா.”

“ஆரையும் பாக்கவோ?”

“இல்லை. சும்மாதான்.”

அதற்கடுத்த ஞாயிறு சவுத்தால். அதற்கடுத்து, பெயர்கூட நினைவில்லாத, ரயில் கடைசியாக நிற்கும் ஏதோ ஓர் இடம். ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சநேரம் நின்று அக்கம்பக்கம் பார்ப்பார், திரும்பிவிடுவார். ஊர் எல்லையைக்கூடத் தாண்டாமல் மானத்தோடு இருந்த மனிதரை இந்த இலண்டன் இப்படிக் கெடுத்துவிட்டதே என்று, ரயில் ஜன்னலோரம் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த எனக்குக் கோபம் கோபமாக வந்தது.