வெட்டாத நீலப் பேண்ட்

கம்பெனியில் ஆட்குறைப்பு என்று எங்களை அனுப்பிவிட்டார்கள். என் யூனிஃபார்ம் பேண்ட் சும்மா கிடந்தது. மகளின் பள்ளியிலும் அதே நீலம்தான். அவளுக்குச் சின்னதாக்க, இன்று சத்தியவேடு தையல்கடைக்கு எடுத்துப்போனேன்.

தையல்கார அக்கா கத்தரிக்கோலை எடுத்தார்.

"வெட்டாதீங்கக்கா, உள்ள மடிச்சித் தைங்க. கம்பெனில திரும்பக் கூப்ட்டா எனக்கு வேணுமில்ல?"

"மடிச்சா இடுப்புல தடியா நிக்கும்மா. பாப்பா எப்டி உக்காரும்?"

"பரவால்லக்கா."

அக்கா அலமாரியைக் காட்டினார். அதே நீலத்தில் ஏழெட்டு பேண்ட்.

"உங்க கம்பெனி ஆளுங்க எல்லாரும் இதையேதான் சொல்லிக்கினு போறாங்க. ஒருத்தரும் வெட்ட உடல."

தைத்து வாங்கி வந்தேன். மகள் போட்டுப் பார்த்தாள்.

"உக்காந்தா குத்துதும்மா."

கம்பெனியில் நம் லைனில் வேலை செய்தவர்களே, யாராவது முதலில் வெட்டினால் இந்தப் பதிவின் கீழே சொல்லுங்கள். நானும் வெட்டிவிடுகிறேன்.