போர்வை தேவையில்லை

ஜெபதாஸ் பொய்யே சொல்லாதவர் அல்ல. ஒரு தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பெரிய பொய் ஒன்றைச் சொன்னவர்தான். அதனால்தான் இதை நம்புங்கள் என்கிறேன். தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள நினைக்கும் ஆள் இந்தக் கதையை வெளியே சொல்லவே மாட்டான். இவர் சொன்னார். தேதி, கிழமை, மணியோடு சொன்னார். 2003, ஜூன் 24, செவ்வாய்க்கிழமை. இருட்டுகூட இல்லை. பகல் மூன்று இருபது.

பர்மாவில், யாங்கோன் நகரத்துப் பசுந்தாங்கில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் முகைதீன் பாய்க்குச் சின்ன ஆபீஸ். கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி. ஜெபதாஸ் அங்கே டைப்பிஸ்ட். மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. முந்திய வருடக் கடைசியில் மொரித்தானியா நாட்டு மீன்பிடிக் கப்பலுக்கு ஆள் கேட்டு வந்தது. பசுந்தாங்கில் அந்தப் பெயரையே எவரும் கேட்டதில்லை. போகிறவர்கள் கேள்வி கேட்டுத் துளைத்தார்கள்.

"ஒரு சின்னப் புத்தகமா அடிச்சுக் குடுத்துருங்க ஜெபதாஸ். வர்றவன் போறவனுக்கெல்லாம் வாய் வலிக்கப் பேச முடியல," என்றார் பாய்.

நடைபாதையில் வாங்கிய பழைய புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு ஜெபதாஸ் இங்கிலீஷில் எட்டுப் பக்கம் எழுதினார். ஆப்பிரிக்காவின் வடமேற்கில் இருக்கும் நாடு. ஒரு பக்கம் அட்லாண்டிக் கடல், மறுபக்கம் சஹாரா. தலைநகரம் நுவாக்சோத். மீன்பிடித் துறைமுகம் நுவாதிபு. கைவிடப்பட்ட கப்பல்கள் அதன் கரையோரம் துருப்பிடித்துக் கிடக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் மூன்று கிளாஸ் தேநீர். உயரத்திலிருந்து ஆற்றி ஆற்றி நுரை வரவழைப்பார்கள். மூன்றையும் குடிக்காமல் எழுந்துபோவது மரியாதை இல்லை. இரும்புத்தாது ஏற்றும் ரயில் ஒன்று உண்டு. இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அதன் திறந்த பெட்டிகளில் ஏறி ஊர்க்காரர்கள் பாலைவனத்துக்குள் போய்வருவார்கள். எல்லாம் சரியாகத்தான் எழுதினார்.

தட்பவெப்ப அத்தியாயத்தை மட்டும் கரையான் தின்றிருந்தது. ஜெபதாஸ் யாங்கோனை விட்டு வெளியே போனதில்லை. மார்கழியில் ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொள்வதுதான் அவர் அறிந்த குளிர். நாலாம் பக்கத்தில் தன் சொந்தச் சரக்காக ஒரு வரி சேர்த்தார். "பாலைவனம் எப்போதும் சூடு. போர்வை தேவையில்லை." ஸ்டென்சிலில் இருபது பிரதிகள் எடுத்தார். ஒன்று ஜெரால்டுக்குப் போனது.

ஜெரால்டு, லான்மடாவ் பகுதியில் குடியிருக்கும் மரியபுஷ்பத்தின் ஒரே மகன். இருபத்துநாலு வயது. கிளம்புவதற்கு முதல் நாள் ஆபீசுக்கு வந்தான்.

"அங்கிள், அம்மா கம்பளியக் கொண்டு போகச் சொல்லுது. எடுத்துக்கவா?"

"பாலைவனத்துக்கு யாராச்சும் கம்பளி தூக்கிட்டுப் போவாங்களா? நாலாம் பக்கத்தப் படி," என்று சிரித்தார் ஜெபதாஸ்.

அவனும் சிரித்தான். கம்பளியைக் கட்டிலிலேயே போட்டுவிட்டுப் போனான்.

மார்ச்சில் கடிதம் வந்தது. இங்கிலீஷ் கடிதம். மரியபுஷ்பம் அதை ஜெபதாஸிடம்தான் கொண்டுவந்தாள். கப்பல் பழுதுபார்க்க நின்ற நாட்களில், ஜனவரி ஒன்பதாம் தேதி, ஜெரால்டு ஊர் பார்க்க அந்த ரயிலில் ஏறியிருக்கிறான். திறந்த பெட்டி. இரவுப் பயணம். காலையில் பார்த்தபோது விறைத்துக் கிடந்தான். குளிர் தாங்காமல் இறந்தான் என்று கேப்டன் எழுதியிருந்தார். மேலே ஒரு சட்டை, ஒரு லுங்கி. அவ்வளவுதான்.

ஜெபதாஸ் கடிதத்தை மடித்தார்.

"காய்ச்சல்க்கா. ஆஸ்பத்திரில நல்லாப் பாத்திருக்காங்க. ஜெபம் பண்ணிட்டே போயிருக்கான்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கையால்தான் அவர் அந்த வரியை அடித்திருந்தார். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஞாயிறுதோறும் நினைப்பார். ஞாயிறுதோறும் அவள் தெருவைச் சுற்றிக்கொண்டு வீடு போய்ச் சேருவார். கோழைத்தனம். அவரே சொன்ன வார்த்தை அது.

ஜூன் 24. மூன்று மணிக்குப் பாய் அலோன் துறைமுகத்துக்குக் கிளம்பினார். வெளியே அடைமழை. 3.10க்கு 'மீ' போய்விட்டது. கரண்டை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். விசிறி நின்றது. ஜெபதாஸ் டைப்ரைட்டர் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார்.

3.20. ரயில் சத்தம்.

ஊரைச் சுற்றிவரும் வட்ட ரயில் என்று நினைத்தார். அதற்கு ஐந்தாறு பெட்டிதான். அரை நிமிடத்தில் கடந்துவிடும். இது கடக்கவில்லை. டடக்... டடக்... பெட்டிக்குப் பின்னால் பெட்டி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். 3.24. இன்னும் போய்க்கொண்டிருந்தது.

குளிர்ந்தது. மழைக் குளிர் இல்லை. பற்கள் தந்தியடித்தன. மூச்சு புகையாக வந்தது.

மேசையில் கை வைத்தார். நறநறவென்று... மணல்.

3.27. ரயில் சத்தம் சட்டென்று நின்றது.

சர்ர்ர்...

உயரத்திலிருந்து தேநீர் ஆற்றும் சத்தம். ஒரு முறை. சற்று நேரம் எதுவும் இல்லை. மறுபடியும் சர்ர்ர்... இரண்டு.

மூன்றாவது வரவில்லை.

வாசலோர பெஞ்சில் ஒருவன் இருந்தான். முதுகைக் காட்டிக்கொண்டு. லுங்கியைத் தோள்வரை இழுத்துப் போர்த்தியிருந்தான். வெளியே அவ்வளவு மழை. அவன்மேல் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"அங்கிள்."

ஜெபதாஸ் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"நாலாம் பக்கம், அங்கிள்."

தாளைச் சொருகினார். விரல்கள் மரத்திருந்தன. அடித்தார். "இரவில் கடுங்குளிர். தடித்த போர்வை அவசியம். இரவில் அந்த ரயிலில் ஏறாதீர்கள்."

கடைசி எழுத்து விழுந்தது.

சர்ர்ர்... மூன்று.

3.40க்குக் கரண்ட் வந்தது. பெஞ்ச் காலி. டைப்ரைட்டரில் தாள் இல்லை.

நாலரைக்கு வந்த பாய் செருப்பை உதறினார். "என்ன ஜெபதாஸ், ஆபீஸ் பூரா மணலு?"

ஜெபதாஸ் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினார்.

ஆகஸ்டில் ஜெரால்டின் பெட்டி வந்து சேர்ந்தது. கப்பல் மாறி மாறி வந்த பெட்டி. மேலே அரக்கு முத்திரை, கேப்டன் கையெழுத்து, தேதி: 2003, பிப்ரவரி 11. மரியபுஷ்பத்தின் முன்னால் பாயே முத்திரையை உடைத்தார். இரண்டு சட்டை. ஒரு கைக்கடிகாரம். அம்மாவுக்கென்று வாங்கிய மூன்று சின்னத் தேநீர்க் கிளாஸ்கள். அடியில் அந்த எட்டுப் பக்கப் புத்தகம்.

பாய் புரட்டினார். ஏழு பக்கங்கள் மங்கிய ஸ்டென்சில் மை. நாலாம் பக்கம் மட்டும் நேராக டைப் அடித்தது. அந்த ஆபீஸ் மெஷினில் ஒரு எழுத்தின் வால் உடைந்திருக்கும். இதிலும் உடைந்திருந்தது.

"அதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள் மரியபுஷ்பம்.

பாய் படித்துத் தமிழில் சொன்னார். "ராத்திரி கடுங்குளிர். போர்வை கட்டாயம் வேணும். ராத்திரி ரயில்ல ஏறாதீங்க."

ஜெபதாஸ் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐந்து மாதமாகத் தொண்டையில் கிடந்ததெல்லாம் வெளியே வந்தது.

"அக்கா, அவன் காய்ச்சல்ல சாகல. அந்த ரயில்ல, குளிர்ல செத்தான். போர்வை வேணாம்னு எழுதினது நான். வாயாலயும் சொன்னேன். இந்தப் பக்கத்த ஜூன் மாசம்தான் அடிச்சேன்."

பாய் முத்திரைத் துண்டைத் திருப்பிப் பார்த்தார். "பிப்ரவரில வச்ச சீலு, ஜெபதாஸ். இப்ப நம்ம கண்ணு முன்னாடிதான் உடைச்சேன்."

மரியபுஷ்பம் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்தாள். பிறகு ஜெபதாஸின் தலையில் கை வைத்தாள்.

"அவன் பழிய நீ ஏன் தம்பி சுமக்குற? நீ ஒழுங்காத்தான் எழுதிக் குடுத்திருக்க. கம்பளியும் எடுத்து வச்சேன். என் புள்ளதான் சொல் பேச்சு கேக்கல. திமிரு புடிச்ச பய."

அதுவரை அவள் மகனைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. அதன்பிறகு அவனைப் பற்றி யாரிடம் பேசினாலும் அப்படித்தான் தொடங்கினாள். ஜெபதாஸ் பலமுறை மறுத்துச் சொன்னார். துக்கத்தில் உளறுகிறார் என்றார்கள்.

அன்று மாலை அலமாரியில் மீதியிருந்த பிரதிகளையெல்லாம் எடுத்துப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் நாலாம் பக்கத்தில், அவர் முதலில் அடித்தபடியே இருந்தது. போர்வை தேவையில்லை.

மறுநாள் மரியபுஷ்பம் அந்தக் கம்பளியை மடித்துக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். "மழைக்காலம். போத்திக்க தம்பி."

இன்றுவரை தினமும் பகல் மூன்று இருபதுக்கு ஜெபதாஸுக்குப் பற்கள் கிட்டிப்போகும் குளிர் வருகிறது. கம்பளி அவர் கட்டிலில்தான் கிடக்கிறது. ஒருநாளும் எடுத்துப் போர்த்தியதில்லை.