டேப்பு அக்கா வாங்கிய முப்பதுக்கு நாற்பது

பெற்றோர் வைத்த பெயர் தையல்கார அக்காவின் அடையாள அட்டையில் மட்டும் பத்திரமாக இருந்தது. தெருவுக்கு அவர் டேப்பு அக்கா. மற்றவர்கள் கழுத்தில் சங்கிலி தொங்கும், அக்கா கழுத்தில் அளவு நாடா தொங்கும். தொழில் கற்கப் போன முதல் நாள் வாங்கிய துணி நாடா அது. இருபத்திரண்டு வருடமாக அதே நாடாதான். வாரம் ஒருமுறை அதைச் சோப்புத் தண்ணீரில் அலசி, ஈரம் காய்வதற்குள் ஒரு முனையைக் கால் கட்டைவிரலால் மிதித்துக்கொண்டு, மறுமுனையை விறைப்பாக இழுத்துப் பிடித்து, இஸ்திரிப் பெட்டியை ஓட்டுவார். சுருங்கின டேப்பு பொய் சொல்லும் என்பது அவர் கட்சி.

அளக்காமல் எதையும் அவர் வீட்டுக்குள் விடமாட்டார். பாய், கதவுத்திரை, கட்டில் எல்லாமே வாசலில் நின்று அளவு கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வரும். பள்ளி வேன் ஓட்டும் அவர் கணவர் அதிகம் பேசாதவர். "பொண்ணு பார்க்கப் போனப்போ எனக்குத் தோள் பதினேழரை இருந்துச்சு, அதனால பொழைச்சேன்" என்று எப்போதாவது சொல்வார்.

அக்காவுக்கும் தெருமுனை ஜவுளிக்கடைக்காரருக்கும் பதினொரு வருடமாக ஏழாம் பொருத்தம். கடைக்காரர் மேசையோரம் பதித்த இரும்புக் கோலில் வைத்துத் துணியைக் கிழிப்பார். அக்கா அதை வாங்கித் தன் டேப்பில் போட்டுப் பார்ப்பார். "மீட்டருக்கு ஒண்ணேகால் அங்குலம் குறையுது அண்ணே." "என் கோல் பொய் சொல்லாது தங்கச்சி." "என் டேப்பு சொல்லுமா?" கடையில் நிற்கும் மற்றவர்கள் வேடிக்கை பார்க்க ஆரம்பித்ததும் கடைக்காரர் பெருமூச்சு விட்டு நாலு விரல் துணி கூட்டிக் கொடுத்துவிடுவார். கடைக்கு வருகிற பெண்களையெல்லாம் தங்கச்சி என்றே கூப்பிடும் அந்த மனிதர், இந்தத் தங்கச்சியைக் கண்டால் மட்டும் கணக்குப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்.

அக்காவுக்கு ஒரு குறை இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஏழு வாடகைக் கடை. ஒன்றில் கூரை ஒழுகியது. ஒன்றில் வீட்டுக்காரர் மகனுக்குக் கைபேசிக் கடை வேண்டியிருந்தது. ஒன்றில் மெஷின் சத்தம் மேல்வீட்டு ஐயாவின் பகல் தூக்கத்தைக் கெடுத்தது. அதனால் அக்கா பெயர்ப்பலகை எழுதவே இல்லை. கனமான நீலத் துணியில் 'தையல் கடை' என்று தானே எழுத்துத் தைத்து, கீழே முகவரிக்கு ஒரு வெள்ளைத் துண்டை மட்டும் கையால் ஓட்டுத் தையல் போட்டு ஒட்டவைத்திருந்தார். கடை மாறும்போது நூலை உருவினால் போதும், துண்டு கையோடு வந்துவிடும். ஆறுமுறை பிரித்து ஏழுமுறை தைத்ததில் அந்த இடம் சல்லடையாகியிருந்தது. கடை மாறும்போதெல்லாம் அக்கா அந்தத் துளைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பார். இப்போது ஏழாவது வீட்டுக்காரரும் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

இந்தச் செய்தி ஜவுளிக்கடைக்கு எட்டியது. ஒருநாள் கடைக்காரர் தானாகவே பேச்சை எடுத்தார். "பின்தெருவுல எங்கப்பா விட்டுட்டுப் போன முப்பதுக்கு நாப்பது அடி இடம் இருக்கு. தகரக் கொட்டகையும் இருக்கு. மூட்டை போட்டு வச்சிருக்கேன். வேணும்னா வாங்கிக்க தங்கச்சி. நியாயமான விலை சொல்றேன்."

அன்று முழுக்க அக்கா வெட்டவேண்டிய துணியில் முப்பதுக்கு நாற்பது என்று கட்டம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணவனும் மனைவியும் சேமிப்பைத் துடைத்து எடுத்துக்கொண்டு பத்திரம் எழுதுகிறவரிடம் போனார்கள். மூக்கு நுனியில் கண்ணாடியும் காதில் பேனாவுமாக உட்கார்ந்திருந்த அவர், பேசிய விலைக்குமேல் செலவுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். முத்திரைத்தாள் கட்டணம், பதிவுக் கட்டணம், எழுத்துக்கூலி, வில்லங்கம் பார்க்கும் செலவு, வேண்டுமென்றால் நில அளவையாளர் கூலி. பள்ளி வேன்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

அக்கா மட்டும் அசரவில்லை. "துணி விலை மட்டுமா சட்டை விலை? லைனிங், நூல், பட்டன், கூலி எல்லாம் சேர்த்தாத்தானே சட்டை. இதுக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்கேன், எழுதுங்க ஐயா."

பத்திரக்காரருக்கு அக்காவைப் பிடித்துப்போனது. கூட வந்திருந்த கடைக்காரர் மெல்லக் குனிந்தார். "விலையைக் கொஞ்சம் கொறைச்சு எழுதிக்கலாமா? முத்திரைத்தாள் செலவு மிச்சமாகுமே."

"இடுப்பு முப்பத்தாறுன்னா முப்பத்தாறுன்னுதான் எழுதணும் அண்ணே. ஆசைக்கு முப்பதுன்னு எழுதினா தையல்தான் பிரியும்."

"நானே சொல்லியிருக்கணும், நீங்க சொல்லிட்டீங்க. அது சட்டப்படி தப்பு" என்று பத்திரக்காரர் பேனாவை எடுத்தார். பிறகு மூலப்பத்திரத்தைக் கேட்டார். இடம் முதலில் யாருக்கு இருந்தது, யாருக்குப் போனது என்று காட்டும் பழைய பத்திரம் அது. வீட்டில் எங்கோ பெட்டிக்குள் இருக்கிறது, பதிவு நாளில் கொண்டுவருகிறேன் என்றார் கடைக்காரர். பார்த்துவிட்டு எழுதுவதுதான் நல்லது என்று பத்திரக்காரர் இழுத்தார். அக்கா உடனே, "அண்ணனைப் பதினோரு வருஷமாத் தெரியும். காகிதத்துல என்ன இருக்கப்போகுது?" என்றார். ஒரு அங்குலத்துக்கு ஊரையே கூட்டுகிறவர், காகிதம் என்று வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். இப்படியும் ஆட்கள் உண்டு.

பதிவுக்கு இரண்டு நாள் முன்பு அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கணவரைக் கூட்டிக்கொண்டு பின்தெருவுக்குப் போனார். ஐந்தடி டேப்பால் நிலத்தை அளப்பதென்றால் சும்மாவா? அக்கா குனிந்து குனிந்து அளக்க, கணவர் ஒவ்வொரு ஐந்தடிக்கும் சாக்குக்கட்டியால் கோடு போட, முதுகு ஒடிய அளந்து முடித்தார்கள். முப்பது இருக்கவேண்டிய இடம் இருபத்தொன்பது. நாற்பது இருக்கவேண்டிய இடம் முப்பத்தெட்டே முக்கால். அக்கா மறுபடியும் அளந்தார். மறுபடியும் அதேதான்.

அக்காவுக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. நேராகக் கடைக்குப் போனார். "துணியில கொறைச்சீங்க, பொறுத்துக்கிட்டேன். மண்ணுலயுமா அண்ணே?"

கடை முழுக்க ஆட்கள். கடைக்காரர் முகம் சிவந்துபோனது. "போதும் தங்கச்சி. அளவையாளரைக் கூப்பிடுறேன். கொறைஞ்சா அந்த அளவுக்கு விலையைக் கொறைச்சுக்கறேன். சரியா இருந்துச்சுன்னா உனக்கு அந்த இடம் கிடையாது. சம்மதமா?"

"சம்மதம்!"

வெளியே வந்ததும் கணவர் அந்த வாரத்தின் முதல் முழு வாக்கியத்தைப் பேசினார். "மாசக் கடைசிக்கு இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு, தெரியுமில்ல?"

தெரியும். அன்று தைத்த பாவாடையில் அக்கா இடுப்பு நாடாவை உள்பக்கத்துக்குப் பதில் வெளிப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறை.

மறுநாள் காலை பின்தெருவில் கூட்டம். பத்திரக்காரரும் வந்துவிட்டார். அளவையாளர் ஒரு பெண், தொப்பியும் பூட்ஸுமாக வந்து நின்றார். எல்லை பார்க்க மூலப்பத்திரம் வேண்டும் என்று கறாராகக் கேட்டார். கடைக்காரர் வேறு வழியில்லாமல் வீட்டுப் பெட்டியைக் குடைந்து, ஓரம் நைந்த பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அளவையாளர் நாலு மூலைக் கல்லையும் தேடிப் பிடித்து, எஃகு நாடாவை இழுத்தார்.

முப்பது. நாற்பது. ஒரு விரற்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அக்கா குனிந்து எஃகு நாடாவில் அந்த எண்ணை இன்னொரு முறை படித்தார். அளவையாளர் சிரிக்காமல் கையை நீட்டினார். "அந்த டேப்பைக் கொஞ்சம் குடுங்கக்கா." எஃகு நாடாவின் பக்கத்தில் வைத்துப் பிடித்தார். அக்காவின் அறுபது அங்குலம், எஃகில் அறுபத்திரண்டு காட்டியது. "துணி டேப்பு இழுவை கொடுத்திருக்கு. இதை என்ன பண்ணுவீங்க நீங்க?"

"இஸ்திரி போடுவா. காலால மிதிச்சு இழுத்து" என்றார் கணவர். கேட்காத நேரத்தில் பேசுவதில் அவருக்கு நிகர் அவர்தான்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. உடம்பையும் துணியையும் ஒரே டேப்பில் அளந்ததால் இத்தனை வருடமும் சட்டை கச்சிதமாகவே பொருந்தியிருந்தது. கடைக்காரரின் கோல்தான் பாவம், பதினொரு வருடமாகத் திருட்டுப் பட்டம் சுமந்திருக்கிறது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. இடம் போனது ஒரு பக்கம். ஒரு நேர்மையான மனிதரை ஊர் முன்னால் கள்ளன் ஆக்கியது இன்னொரு பக்கம், அதுதான் அதிகம் குத்தியது.

"அண்ணே, தப்பு என்மேலதான். பதினோரு வருஷமும் தப்பு என்மேலதான். மன்னிச்சிருங்க. இடம் வேணும்னு கேக்கலை. மன்னிப்பு மட்டும்தான் கேக்கறேன்."

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். நியாயம் தன் பக்கம் வந்த மகிழ்ச்சியில் நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. ஏதோ பெரிதாகச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மூலப்பத்திரத்தைப் புரட்டிக்கொண்டிருந்த பத்திரக்காரர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஐயா, உங்கப்பா இதுல ரெண்டு பேருக்கு எழுதி வச்சிருக்கார். உங்களுக்குப் பாதி. உங்க கூடப்பிறந்த தங்கச்சிக்குப் பாதி. அவங்க கையெழுத்து எங்கே?"

"அவ வெளியூர்ல இருக்கா. அவளுக்கு எதுக்கு? அவ என் தங்கச்சிதானே?"

"அதனாலதான் வேணும். நீங்க விக்க முடிஞ்சது உங்க பாதியைத்தான். நாளைக்கு அவங்களோ அவங்க பிள்ளைங்களோ வந்து எங்க பாதி எங்கேன்னு கேட்டா, இந்தம்மா மெஷினை எடுத்துக்கிட்டுக் கோர்ட்டு வாசல்ல நிக்கணும்."

பெருத்த நெஞ்சு இறங்கிவிட்டது. கடைக்காரர் ஏமாற்ற நினைத்தவர் இல்லை. அப்பா போனபின் பத்திரத்தைப் பிரித்தே பார்க்காதவர், அவ்வளவுதான். வருகிறவர் போகிறவரையெல்லாம் தங்கச்சி என்று கூப்பிட்டவருக்கு, சொந்தத் தங்கச்சி ஞாபகத்துக்கு வரவில்லை.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாய் சும்மா இருக்கவில்லை. "நானாவது ரெண்டு அங்குலம்தான் விட்டேன் அண்ணே. நீங்க ஒரு ஆளையே விட்டுட்டீங்க."

கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தகரக் கொட்டகையில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இடம் உனக்குத்தான் தங்கச்சி. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனா ஒண்ணு, இனிமே நாலு விரல் துணி கிடையாது."

அங்கேயே நின்று தங்கைக்குப் போன் போட்டார். தங்கை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வர்றேன் அண்ணா. கையெழுத்துப் போடறேன். விலையில பாதி என் கணக்குல போட்டுடு" என்றார். அண்ணனின் முகம் ஒரு கணம் சுருங்கி, பிறகு தானாகவே விரிந்தது. நியாயம்தானே.

ஐந்தாம் நாள் எல்லோரும் பதிவு அலுவலகத்தில் கூடினார்கள். பத்திரம் புதிதாக எழுதப்பட்டிருந்தது. விற்பவர்கள் இரண்டு பேர், வாங்குபவர் ஒருவர். திரும்ப எழுதிய கூலியைக் கடைக்காரரே கொடுத்தார். இந்த முறை அக்கா முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை விரல் வைத்துப் படித்தார். நாலு பக்க எல்லையையும் வாய்விட்டுப் படித்தார். பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்தது. முணுமுணுக்கட்டும். படம் எடுத்தார்கள், விரல் ரேகை பதித்தார்கள். பதிவாளர் நிமிர்ந்து, "அளவெல்லாம் சரிதானே?" என்று வழக்கம்போலக் கேட்டார்.

"எந்த டேப்புல கேக்குறீங்க சார்?" என்றார் கடைக்காரர். பதிவாளருக்குப் புரியவில்லை. மற்ற எல்லோருக்கும் புரிந்தது.

வெளியே வந்ததும் தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க அளக்கலைன்னா எனக்கு அந்த இடத்துல பங்கு இருக்குன்னே தெரிஞ்சிருக்காது. உங்க டேப்பு நல்லா இருக்கட்டும்." கடைக்காரர் சட்டைப்பையிலிருந்து புது டேப் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இதுக்கு இஸ்திரி போடாதே தாயே."

புது டேப்பால் வேறொரு வம்பு வந்தது. முந்தின நாள் பழைய டேப்பில் அளவு கொடுத்த வாடிக்கைக்காரிக்கு இடுப்பு ஒரே நாளில் ஒன்றேகால் அங்குலம் கூடிவிட்டது. "நான் என்ன சாப்பிட்டேன் அக்கா?" என்று அந்தப் பெண் அழாத குறை. நோட்டுப் புத்தகம் நிறைய இருந்த அளவுகளும் பழைய டேப்பின் அளவுகள். அக்கா யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். மண்ணுக்கும் ஜவுளிக்கடைக்கும் புது டேப், மனிதர்களை அளக்கவும் துணி வெட்டவும் பழைய டேப். பெண்கள் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

மாதக் கடைசிக்கு ஒருநாள் முன்பு மெஷின் தகரக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. அக்கா அதை ஜன்னல் பக்கம் தள்ளிப் பார்த்தார், பிறகு வாசல் பக்கம் தள்ளிப் பார்த்தார். எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், யாரையும் கேட்கவேண்டியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். சந்தோஷ அழுகைதான்.

பிறகு நீலத் துணியை மடியில் விரித்து, பழைய முகவரித் துண்டை உருவினார். பின்தெருவின் பெயரும் கதவு எண்ணும் தைத்த புதுத் துண்டைச் சல்லடையான இடத்தின்மேல் வைத்தார். கை பழக்கத்தில் ஊசிக்குப் போனது. அக்கா கையைத் திரும்ப இழுத்துக்கொண்டு, துணியை மெஷினில் வைத்து, நாலு பக்கமும் சுற்றி நெருக்கமாக ஒரு தையல் போட்டார். அதன்மேல் இன்னொரு தையல் போட்டார்.

கணவர் எட்டிப் பார்த்தார். "இவ்வளவு கெட்டியாப் போட்டா அப்புறம் பிரிக்கறது கஷ்டமாச்சே."

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"யாரு பிரிக்கப் போறா?"