மேசையில் வைத்த போன்

குழந்தை பிறந்த பிறகு நான் இரவில் வெளியே போனது அன்றுதான் முதல் தடவை. திருச்சியிலிருந்து வார இறுதிக்கு வந்திருந்த நாத்தனார் மாலினி, சிங்கப்பூரின் இரவைப் பார்க்க வேண்டும் என்றாள். மகளைக் கணவரிடம் விட்டுவிட்டுக் கிளமெண்டியிலிருந்து கிளம்பினோம். ஆற்றில் விளக்குகள் கரைந்து மிதந்தன. என் கை போனையே தடவிக்கொண்டிருந்தது.

குச்சியில் குத்திச் சுடும் சாத்தே இறைச்சிக் கடைத்தெருவில் புகை மெல்லிய திரைபோல் தொங்கியது. இடம் பிடிக்க மேசையில் டிஷ்யூ பாக்கெட் வைப்பது எங்கள் வழக்கம். அது குழந்தையின் பையோடு வீட்டில் இருந்தது. பழக்கதோஷத்தில் கையிலிருந்ததை வைத்துவிட்டு வரிசையில் போய் நின்றேன்.

"அண்ணி, போனையா வச்சீங்க? எங்க ஊர்ல திரும்பி வர்றதுக்குள்ள மேசையே இருக்காது" என்று சிரித்தாள் மாலினி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தை அழுது அவர் கூப்பிட்டால்? மேசைக்கு ஓடினேன்.

பக்கத்து மேசை மலாய் அம்மாள் என் போனை முகத்துக்கு நேரே பிடித்துத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். திரையில், கணவரின் தோளில் என் மகள் கண் செருகிக் கிடந்தாள். போன் விடாமல் அடித்ததால் எடுத்தாராம். அழுகை கேட்டதும் பாடினாராம்.

"தூங்கிட்டா. நீ மெதுவா சாப்பிட்டு வா லா" என்று இந்த ஊர் 'லா'வோடு கிசுகிசுத்தார் கணவர்.

அந்த அம்மாள் போனை மறுபடி மேசையிலேயே வைத்துவிட்டு, முதலில் சாப்பிடு என்று சைகை காட்டினார்.

நானில்லாமலும் அவள் தூங்குவாள் என்பது நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது. அது என்ன பாட்டு என்று கேட்கத் தோன்றவில்லை. இப்போதும் மகளைத் தூங்கவைக்கும்போது அந்த மெட்டைத்தான் அரைகுறையாக முணுமுணுக்கிறேன்.