பேச்சியம்மா மோரும் பூமியின் இழுப்பும்

கண்டக்டர் வேலைக்கு முதல் படிப்பே விழாமல் நிக்கிறதுதான். நின்னுக்கிட்டே பஸ்ஸுல போய் அவதிப்பட்ட உங்களுக்கு அதை நான் சொல்லணுமா? எழுபதுகளில் அருப்புக்கோட்டை - நரிக்குடி தனியார் பஸ்ஸில் எனக்கு வாய்ச்ச டிரைவர் சங்கையா கிளட்சை விட்டால், வண்டி கன்னுக்குட்டியாத் துள்ளும். "இனி ஒரு ஆளு விழுந்தாலும் நீ வேற வேலை பாத்துக்கோ"ன்னுட்டார் முதலாளி. சங்கையா நாலு பிள்ளைக்காரர், பயத்தில் கால் நடுங்கும். நடுங்கினால் வண்டி இன்னும் துள்ளும்.

கொட்டின மோர்

காலேஜில் பௌதிகம் நடத்துற சாரு ஒருத்தர், நின்னபடியே படிச்சுக்கிட்டு வந்தாக. திருச்சுழியில் வண்டி துள்ளவும், மோர் விக்கிற பேச்சியம்மாவோட பானை மேல சாரு போய் உக்காந்துட்டாக. சங்கையாவுக்கு முகம் செத்துப்போச்சு. சாரு எந்திரிச்சு, "டிரைவரைத் திட்டாதீங்க. ஜன்னல் படுதாவை எல்லாம் இறக்கிவிட்டா, பஸ்ஸு முன்னால பாஞ்சுச்சா, பூமி நம்மளப் பின்னால இழுத்துச்சான்னு உள்ள இருக்கவுகளால கண்டுபிடிக்கவே முடியாது"ன்னாக.

பேச்சியம்மா சேலையைப் பிழிஞ்சுக்கிட்டே சொன்னா: "இழுத்தது எதுவோ, உக்காந்தது நீங்கதான சாரு!"

ரெண்டு வழி

மறுநாளும் சாரு விடலை. கண்ணுக்கே தெரியாத துகளுக்கும் இதே கதைதானாம். நியூட்ரான்னு ஒண்ணு, அலை மாதிரி ஒரே சமயத்தில் மேல ஒரு வழி, கீழ ஒரு வழின்னு போய்த் திரும்பச் சேருமாம். பூமி இழுக்கிறதால ரெண்டுக்கும் தாளம் தப்புதுன்னு வெளிநாட்டில் சோதிச்சுப் பாத்துட்டாகளாம். பூமியே இல்லாத இடத்தில், அந்தச் சோதனை வச்ச மேடையை வேகம் கூட்டிக்கூட்டி மேல தூக்கினாலும் அதே அளவு தப்பும்னாக.

பஸ்ஸே வாயைப் பொளந்து கேட்டுச்சு. ஆட்டு யாவாரி மட்டும் என் பக்கம் திரும்பினார்: "ஏன் கண்டக்டரே, ரெண்டு வழியா போற ஆளுக்கு ஒரு டிக்கெட்டா, ரெண்டா?"

முதலாளி நின்ன நாள்

பேச்சியம்மா ஷெட்டுக்கே போய்ப் புகார் சொல்லிட்டா. சாரு சங்கையாவுக்காகப் பூமியைச் சாட்சிக்கு இழுத்தாக. முதலாளிக்கு ரெண்டும் ஏறலை. "நானே நின்னு வாரேன். லாரி மேலயே நின்னு பழகுனவன் நான். என்னைத் தள்ள எந்த டிரைவராலயும் ஆகாது"ன்னு ஊரறியச் சொல்லிட்டு ஏறினார்.

திருச்சுழியில் வண்டி துள்ளிச்சு. பேச்சியம்மாவோட புதுப்பானையும் போச்சு. ஒரு ஆள் சிரிக்கலை. சங்கையா சாவியை உருவி, ரெண்டு கையாலும் நீட்டினார். முதலாளி மீசையில் மோரோட எல்லார் முகத்தையும் பாத்தார், சாரு முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பாத்தார்.

"வண்டிய எடுய்யா. உன்மேல தப்பில்ல, பூமிதான் இழுத்துருச்சு."

இழுத்தது பூமியா பஸ்ஸாங்கிறது பெரிய படிப்புக்காரவுகளுக்கே குழப்பமாம். விழுந்தது யாருன்னு பாத்தா, திட்டு யாருக்குங்கிறதில் மட்டும், கண்டக்டரா இருந்த எனக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.